படுக்கையில் இருப்பவர்களுக்கும் மழைக்கால ஏற்பாடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்ததும் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகளைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வரத் தொடங்குகின்றன. மழைநீர் வடிகால்கள் தூர் வாரப்பட்டன, மோட்டார் பம்புகள் தயார், படகுகள் தயார், நிவாரண முகாம்களும் சமையற்கூடங்களும் தயார் என்று படிக்கிறோம். இவை அனைத்தும் தேவையானவையே; இவற்றுக்காக இரவு பகலாக உழைக்கும் ஊழியர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் செய்திகளில், வீட்டிலேயே படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடித் தேடி ஏமாந்ததால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியர். கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, அங்கேயே ஒரு மருத்துவமனையின் வார்டில் பணிபுரிந்துவிட்டு, 2024ஆம் ஆண்டு கோடையில் குடும்பத்துடன் சென்னைக்குக் குடிவந்தேன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் ஆகிய பகுதிகளில் உள்ள வீடுகள் என் பொறுப்பில் உள்ளன. எங்கள் ஊரில் ஐப்பசி மழை என்றால் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று சொல்லும்போதே பெரியவர்களின் முகம் மலர்ந்துவிடும். இங்கு அதே மழை வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன், நான் செல்லும் வீடுகளில் தரையில் இருக்கும் பொருள்களை எல்லாம் எடுத்துக் கட்டிலின் மேல் வைக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கட்டிலில் ஏற்கெனவே ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

மழைக்காலத்தில் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மருத்துவமனை வார்டில் ஒரு புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து சென்று ஒரு வீட்டில் அதே கட்டைப் போடுவதும் ஒன்றல்ல. தொற்றுநீக்கிய காஸ் துணியையும் கையுறைகளையும் இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் கட்டி, அதை மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைப் பைக்குள் வைத்து, பையின் மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஸ்கூட்டியில் புறப்படுகிறோம். செவிலியர் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். காஸ் துணி நனைந்தால் அன்றைய கட்டு இல்லை. சர்க்கரை அளவைப் பார்க்கும் ஸ்ட்ரிப்புகள் ஈரக்காற்றுப் பட்டாலே கெட்டுவிடும் என்பதால், டப்பாவின் மூடியைத் திறந்த நொடியே மூட வேண்டும். நோயாளியின் விரலில் ஈரம் இருந்தால் இரத்தத் துளியில் தண்ணீர் கலந்து, உள்ள அளவைவிடக் குறைத்துக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் குறைத்தால் விளைவு மோசமாகும். ஆகவே விரலை நன்றாகத் துடைத்து உலர விட்டு, பிறகுதான் ஊசியால் குத்துகிறோம். புழுங்கும் வீட்டில், வியர்வையும் ஈரமும் நிற்காத முதுகில், பிளாஸ்திரி ஒட்டாது. படுக்கைப் புண் உள்ளவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்திருப்போம். கூரை ஒழுகி மெத்தையின் ஒரு பக்கம் நனைந்துவிட்டால் எந்தப் பக்கம் புரட்டுவது?

இந்த நகரத்துக்குப் புதியவள் என்பதால், அதன் மேடு பள்ளங்களை மழையில்தான் நான் கற்றுக்கொண்டேன். வரைபடத்தில் இரண்டு தெருக்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் கணுக்கால் நனையாது, மற்றொன்றில் ஸ்கூட்டியின் சைலன்சர் மூழ்கிவிடும். சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையின் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டின் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. அப்படிப்பட்ட வீடுகளின் தரைத்தளத்தில்தான் முதியவர்கள் இருக்கிறார்கள். மாடி ஏற முடியாது என்பதற்காகவே பிள்ளைகள் அவர்களைக் கீழே குடிவைத்திருக்கிறார்கள். மற்றொரு சிக்கல் எல்லை பற்றியது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சியில் உள்ளன. சிறிது தூரம் தள்ளி மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் சென்றால் அவை ஊராட்சிகள், மாவட்டமும் செங்கல்பட்டு. தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. தெரு முழுக்க நீர் நிற்கிறது என்று மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்தால், அது எங்கள் பகுதி இல்லை என்ற பதிலைக் கேட்டு, பிறகு யாரை அழைப்பது என்று நோயாளியின் வீட்டுத் திண்ணையில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்பகுதி ஏன் இப்படி நிரம்புகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்கிறது. சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாக மாறியபின் எஞ்சியிருப்பதற்கு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கு வழங்கப்படும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அது பற்றி விவரம் அறிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நான் சொல்ல வந்தது மின்சாரம் பற்றியும் மாத்திரை பற்றியும்.

நான் செல்லும் ஒரு வீட்டில், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் பாதிக்கப்பட்ட ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் இருக்கிறார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் கருவியின் துணையோடுதான் அவர் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறார். அந்தக் கருவி மின்சாரத்தில் மட்டுமே ஓடும். வீட்டில் சாதாரண இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டுக் கருவியை மட்டும் ஓட்டினாலும் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்குப் பிறகு சிலிண்டர்தான். 1500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் சுமார் 12 மணி நேரம் வரும். ஆக, எல்லாம் கைவசம் இருந்தாலும் ஒரு முழு நாளைக்குக்கூட அவருக்கு மூச்சு உறுதியில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது இந்தப் பகுதியில் பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. அப்போது நான் இங்கு இல்லை. அந்த வீட்டம்மாள் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டைக் காட்டி, "நல்லவேளை சிஸ்டர், அப்போ இவருக்கு இந்த மெஷின் வேண்டியிருக்கல" என்று சொன்னார். இப்போது வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை வானிலை மையம் ரெட் அலர்ட் விடும்போதும், கருவியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் விழித்திருக்கிறார்.

தண்ணீர் தேங்கும் இடங்களில் மின்சாரத்தை நிறுத்துவது சரியான நடவடிக்கை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீரில் மின்கசிவு ஏற்பட்டு உயிர்கள் போன செய்திகளை ஒவ்வொரு மழையிலும் படிக்கிறோம். அந்தத் தண்ணீரில் நடப்பவள் என்பதால் அந்த அச்சம் எனக்கும் உண்டு. நான் கேட்பது வேறு. எந்தத் தெருவில் எந்த வீட்டில் ஆக்சிஜன் கருவி ஓடுகிறது என்ற தகவல், மின்சாரத்தை நிறுத்துபவரின் கையில் இருக்க வேண்டாமா? அது இருந்தால், நிறுத்துவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். இரண்டு மணி நேர அவகாசம் கிடைத்தால் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றுவிடலாம். ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நானே சென்று கேட்டபோது, அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அப்படி ஒரு பதிவேடு தங்களிடம் இல்லை என்றும், எழுதித் தந்தால் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒரு செவிலியர் தாளில் எழுதித் தரும் நான்கு முகவரிகளைக் கொண்டு ஒரு நகரத்தைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது மருந்து. முற்றிய புற்றுநோயில் வலி தாங்காதவர்களுக்கு மருத்துவர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுப்பார். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான்; ஒரு வேளை தவறினால் வலி திரும்ப வந்துவிடும். இது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் மாத்திரையும் அல்ல. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களிலிருந்துதான் வாங்க முடியும். மூன்று நாள் மழையில் சாலைகள் அடைபட்டு, வீட்டில் அட்டை காலியாகிவிட்டால், அந்த நோயாளி என்ன பாடுபடுவார் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரவு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் காலையில் என்னைப் பார்த்ததும் "வந்துட்டியாம்மா" என்று மட்டும் சொன்ன ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. இன்சுலினும் இப்படித்தான். பிரிக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய் ஃபிரிட்ஜ் நின்றால், வீட்டார் பதறிப்போய் ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைக்கிறார்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பி, கடும் வெயில் படாமல் இருந்தால் வெளியிலேயே சுமார் நான்கு வாரம் நன்றாக இருக்கும் என்பதை யாராவது முன்னதாகவே சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இல்லை.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, பெரும்பாலும் 2 லிட்டர் பையிலிருந்து திரவத்தை வயிற்றுக்குள் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து, சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இணைப்பைத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் கிருமி புகுந்தால் வயிற்றுக்குள் தொற்று ஏற்படும். ஒரு மாதத்துக்கான பைகள் அட்டைப் பெட்டிகளில் வந்து வீட்டின் ஒரு மூலையை நிறைத்துக்கொள்ளும். கழிவுநீர் கலந்த மழைநீர் வீட்டுக்குள் புகும்போது முதலில் நனைவது அந்தப் பெட்டிகள்தான். பரணில் ஏற்றி வைக்க ஆள் வேண்டும். நோயாளியால் அந்தப் பெட்டியைத் தூக்க முடியாது. வீட்டுக்குள் சேறு நிற்கும்போது, குழாயில் நல்ல தண்ணீரும் வராதபோது, கையைக் கழுவச் சொல்வது எப்படி?

பெரும்பாக்கம் குடியிருப்புகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கூவம் முதலிய ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் இங்கு குடியமர்த்தப்பட்டன. வெள்ளத்திலிருந்து விலக்கிக் கொண்டுவந்தவர்களைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறோம். எட்டு மாடிக் கட்டடங்களின் மேல்தளங்களில் பக்கவாதம் வந்தவர்களும், கால் எடுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு வயிறு வீங்கித் துடிக்கும் ஒரு முதியவருக்குப் புதிய குழாய் போட நான் படியேறிச் சென்றுவிடலாம். ஆனால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றால், பக்கத்து வீட்டு இளைஞர்கள் நான்கு பேர் போர்வையில் வைத்துத் தூக்கி இறக்குகிறார்கள். அந்த இளைஞர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளைகளில் அந்த முதியவருக்கு யாரும் இல்லை.

2024 அக்டோபரில் நான் இங்கு கண்ட முதல் பெருமழைக்கு முன், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. முந்தைய ஆண்டு வண்டி மூழ்கிக் கடனாளியானவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். எச்சரிக்கை வந்தால் எதை எங்கே கொண்டு சேர்ப்பது என்று மக்களே முடிவு செய்து, மழைக்கு முன்பே செய்து முடித்தார்கள். அதே முன்யோசனை நோயாளிகளுக்கும் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். வெள்ளம் வந்தபின் இடுப்பெலும்பு முறிந்த ஒருவரைப் படகில் ஏற்றுவது அவரைக் கொல்லும் அளவுக்கு வலி தரும் செயல். பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில் அவருக்குக் கட்டில் இல்லை, தரையில் உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறைதான் இருக்கிறது, ஆக்சிஜன் கருவியைச் செருக இடமும் இல்லை. அவர் மழைக்கு முந்தைய நாளே செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், சுகர், பிரஷர் மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, வலிநிவாரணப் பராமரிப்பு, டயாலிசிஸ் பைகள் ஆகியவை வீடுகளுக்கே செல்கின்றன. மழையிலும் அந்தப் பெண் தன்னார்வலர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்வதைப் பார்க்கிறேன். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்களைப் போன்ற தனியார் செவிலியர்களின் பொறுப்பில் உள்ள நோயாளிகளும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாகப் புரட்டாசிக்குள் ஒரே பட்டியல் தயாராக வேண்டும். ஆக்சிஜன் தேவைப்படுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், மார்பின் உண்பவர், துணைக்கு ஆள் இல்லாதவர் என்று அதில் குறித்திருந்தால் போதும். அந்தப் பட்டியல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும், 108 ஆம்புலன்ஸ் சேவைக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும் செல்ல வேண்டும். நோயாளியின் ஒப்புதலோடு, இரகசியம் காத்து, பொறுப்பான ஓர் அலுவலரின் கையில் அது இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களுக்கும் மருந்துகளைத் தீரும் தறுவாயில் கொடுக்காமல், குறைந்தது ஒரு வாரத்துக்கான கையிருப்பு வீட்டில் இருக்கும்படி கொடுக்க வேண்டும். ரெட் அலர்ட் அறிவிக்கப்பட்டால், பட்டியலில் உள்ளவர்களில் ஆபத்து மிகுந்தவர்களை அரசு மருத்துவமனைகளில் இரண்டு மூன்று நாள் அனுமதித்துக்கொள்ள முன்கூட்டியே படுக்கைகளை ஒதுக்கலாம். கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் போன்ற இடங்கள் அதற்கு ஏற்றவை.

செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் வேண்டியது அதிகம் இல்லை. ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் பள்ளிகள் மூடப்படும். எங்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். தனியார் நிறுவனங்களில் பலரும் சென்று வந்த வீடுகளின் கணக்குப்படி சம்பளம் பெறுகிறார்கள்; தண்ணீரால் செல்ல முடியாத வீட்டுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே ஆபத்தான தெருவிலும் இறங்கி நடக்கிறார்கள். மழைநாளுக்கு ஒரு குறைந்தபட்ச ஊதியத்தை உறுதி செய்தால், எந்தத் தெருவில் இறங்கக் கூடாது என்று அவர்களால் நிதானமாக முடிவெடுக்க முடியும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸை நிறுவனம் தர வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். தேங்கிய நீரில் தொடர்ந்து நடப்பவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ள தடுப்புமுறைதான். அதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தன்னார்வலர்களோடு சேர்த்துத் தனியார் செவிலியர்களுக்கும் கொடுக்கலாம். சுரங்கப்பாதையும் சாலையும் மூடப்படும்போது, தடுப்பு வைத்திருக்கும் காவலரிடம் காட்ட ஓர் அடையாள அட்டை இருந்தால், எந்த வழி திறந்திருக்கிறது என்று அவரே சொல்லி அனுப்புவார்.

அடுத்த பருவமழைக்கான ஆய்வுக்கூட்டம் நடக்கும்போது, தங்கள் செய்தியாளர்கள் படகுகளின் எண்ணிக்கையைக் கேட்பதோடு, இந்த வார்டில் வீட்டிலேயே ஆக்சிஜனில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களின் முகவரி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியையும் அதிகாரிகளிடம் கேட்க வேண்டுகிறேன். தங்கள் வாசகர்களின் வீடுகளில் அப்படிப்பட்ட நோயாளி இருந்தால், மின் இணைப்பு எண்ணையும் கருவியின் விவரத்தையும் எழுதித் தங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்போதே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீடு சென்று பராமரிக்கும் செவிலியர் ஒருவர்,
மேடவாக்கம்.